வித்துரா: பொன்முடி போகும் வழியில் நீங்கள் கவனிக்காமல் கடந்த ஊர், உங்கள் குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால், ஒரு தடவையாவது பொன்முடி போயிருப்பீர்கள். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, நெடுமங்காட்டில் டீ குடித்து, 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மேலே பனிமூட்டத்தில் போட்டோ எடுத்து, மதியத்துக்குள் திரும்பியிருப்பீர்கள். அந்த வழியில் ஒரு சந்திப்பு வந்திருக்கும். பஸ் ஸ்டாண்ட், சில கடைகள், பேக்கரி, பெட்ரோல் பங்க். 'இனிமே மேலே ஒண்ணும் கிடைக்காது, இங்கேயே வாங்கிக்கோ' என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அதுதான் வித்துரா. மலையாளத்தில் 'விதுர' என்பார்கள்.

நகரம் என்று சொன்னால் கொஞ்சம் பெரிய வார்த்தை. கணக்குப்படி நெடுமங்காடு தாலுகாவில் ஒரு கிராமப் பஞ்சாயத்து. ஆனால் மலைக்கும் சமவெளிக்கும் நடுவே, இரண்டு ஆறுகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது இந்த ஊர். திருவனந்தபுரத்தின் குடிநீர், ஆற்றிங்கல் பக்கத்து வயல்கள், கடலோரத்துப் பொழிமுகம் எல்லாமே இந்த மலையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தவை. ஊரின் நிலவியலையும் வரலாற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வித்துரா எங்கே இருக்கு?

திருவனந்தபுரம் நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். நெடுமங்காடு, சுள்ளிமானூர், தொளிக்கோடு தாண்டினால் வித்துரா. அங்கிருந்து பாதை பிரிகிறது. ஒரு வழி ஆனப்பாறை, கல்லாறு வழியாக 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொன்முடிக்கு ஏறும். இன்னொன்று பேப்பாறை அணைக்கும் போணக்காடு தேயிலைத் தோட்டத்துக்கும் போகும். அகத்தியர்கூடம் மலையேற்றம் தொடங்குவது போணக்காட்டில்தான். மற்றொரு சாலை பாலோடு பக்கம் இறங்குகிறது.

ஊரின் கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரின் உச்சிப் புள்ளி 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம். அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் பாபநாசம், அம்பாசமுத்திரம். அதாவது நாம் 'பொதிகை' என்று சொல்லி வளர்ந்த மலையின் மேற்கு அடிவாரம்தான் வித்துரா.

ஒரே மலை, எத்தனை ஆறு?

இந்த மலைத்தொகுதியிலிருந்து நான்கு முக்கியமான ஆறுகள் கிளம்புகின்றன.

முதலாவது வாமனபுரம் ஆறு. செம்முஞ்சி மொட்டை என்ற மலைப்பகுதியில் பிறந்து, கல்லாறாக இறங்கி, வித்துராவை ஒட்டி ஓடி, பாலோடு, வாமனபுரம், ஆற்றிங்கல் வழியாக 88 கிலோமீட்டர் பயணம் செய்து காயலில் சேர்கிறது. கடலைத் தொடும் இடம் முதலப்பொழி.

இரண்டாவது கரமனை ஆறு. இதுவும் அதே செம்முஞ்சி மொட்டைப் பகுதியிலிருந்துதான் வருகிறது. பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து, திருவனந்தபுரம் நகரத்துக்குள் புகுந்து, கோவளத்துக்கு வடக்கே கடலில் சேர்கிறது. நீளம் 68 கிலோமீட்டர்.

மூன்றாவது நெய்யாறு. அகத்தியர் மலையில் தொடங்கி, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறில் கடலில் கலக்கிறது.

நான்காவது நமக்கு அறிமுகமே தேவையில்லாத தாமிரபரணி. கிழக்கே இறங்கி, திருநெல்வேலியையும் தூத்துக்குடி மாவட்டத்தையும் வளமாக்கி, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது.

முதல் மூன்றும் அரபிக்கடலுக்கு, நான்காவது மன்னார் வளைகுடாவுக்கு. நீளத்தைக் கவனித்தீர்களா? மேற்கே ஓடும் ஆறுகள் எல்லாம் குட்டை. கடலுக்கும் மலைக்கும் நடுவே இடம் அவ்வளவுதான். அதனால் மலையில் கொட்டும் மழை சில மணி நேரத்திலேயே கீழே வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள். கடைசியில் இது தேவைப்படும்.

மலை எதனால் ஆனது?

கேரளத்தின் தென்கோடிப் பாறைகளை நிலவியலாளர்கள் 'கேரள கோண்டலைட் பட்டை' என்கிறார்கள். பூமிக்கடியில் மிக ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி மேலே வந்த பழம்பாறைகள் இவை. இவற்றின் நடுவே அங்கங்கே சார்னகைட் என்ற கரும்பாறையும் உருவாகியிருக்கிறது. ஒரு பாறை பாதி வழியில் இன்னொரு பாறையாக மாறி நின்றுபோன தடயத்தைப் பார்க்க, பொன்முடிப் பக்கத்துக் கல்குவாரிகளுக்கு உலகெங்கிலும் இருந்து ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள்.

சார்னகைட் என்ற பெயருக்கு ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறை மீது இருக்கும் கல்லும், பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் ஒரே வகை என்று கண்ட தாமஸ் ஹாலண்ட், அந்த மனிதரின் பெயரையே பாறைக்கு வைத்தார். சென்னை விமான நிலையத்தில் இறங்கும்போது தெரியும் அந்தக் குன்றுகளும் பொன்முடியின் கரும்பாறையும் ஒரே குடும்பம்.

இந்தப் பாறை தண்ணீரை அதிகம் உள்ளே விடாது. அப்படியென்றால் கோடையிலும் கல்லாறில் தண்ணீர் ஓடுவது எப்படி? பாறைக்கு மேலே படிந்திருக்கும் மண்ணும், அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் காடும், உயரத்துப் புல்வெளியும்தான் காரணம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது காடு. மலையின் தண்ணீர்த் தொட்டி உண்மையில் அந்த மேல்மண்தான். காடு போனால் மண் போகும், மண் போனால் கோடையில் ஆறு போகும்.

தமிழ் வரலாற்றில் இந்த மலை

சங்க இலக்கியத்தில் பொதியிலை ஆண்டவர்கள் ஆய் மன்னர்கள். ஆய் அண்டிரன் வள்ளல்களில் ஒருவராக எண்ணப்படுபவர். கிரேக்க நிலவியலாளர் தாலமி எழுதிய 'பெட்டிகோ' என்ற மலை இந்தப் பொதிகைதான் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பிற்கால ஆய் அரசர்களின் முக்கியத் துறைமுகம் விழிஞ்ஞம். இன்று சரக்குக் கப்பல் துறைமுகமாகச் செய்திகளில் அடிபடுகிறதே, அதே விழிஞ்ஞம்தான். மலையும் துறைமுகமும் ஒரே ஆட்சியின் கையில் இருந்த காலம் அது. மலைச்சரக்கு கீழே வந்து கடலேறியது.

அகத்தியருக்குத் தமிழ் மரபில் இருக்கும் இடம் நமக்குத் தெரியும். சிகரத்தில் அவர் சிலை இருக்கிறது. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பக்தர்கள் ஏறியிருக்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. இன்று இந்த மலை இரண்டு மாநிலங்களின் எல்லை. மலைக்கு அது தெரியாது, யானைக்கும் தெரியாது.

பக்தர்கள் மட்டும் ஏறவில்லை. திருவனந்தபுரம் வானியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் ஆலன் புரூன், 1855-ல் அகத்தியர் சிகரத்தில் பூமியின் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்க ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். சாலையே இல்லாத காட்டில், நுட்பமான கருவிகளை அந்த உயரத்துக்கு ஏற்றிய முயற்சி அது.

மலையின் முதல் மக்கள்

இந்தக் காட்டின் பழங்குடிகள் காணிக்காரர்கள். சுருக்கமாக 'காணி'. வித்துரா, பெரிங்கம்மலை, குற்றிச்சல் பஞ்சாயத்துகளின் காட்டுப்பகுதிகளில் இவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. எல்லை தாண்டி நம் பக்கம் பாபநாசம், காரையாறு, பேச்சிப்பாறைப் பகுதிகளிலும் காணி மக்கள் வாழ்கிறார்கள். இவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். ஊர்த்தலைவர் 'மூட்டுக்காணி', மருத்துவமும் சடங்கும் அறிந்தவர் 'பிலாத்தி'.

திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கும் இவர்களுக்கும் பழைய உறவு உண்டு. ஓணத்துக்கு முன்னால் காட்டுப் பொருள்களோடு கவடியார் அரண்மனைக்கு வரும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. மன்னர் கஷ்டப்பட்ட காலத்தில் காட்டில் அடைக்கலம் கொடுத்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு.

கல்லாறு பகுதியைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாவின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். காணி சமூகத்தைச் சேர்ந்த பாரம்பரிய மருத்துவர். நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை எழுதி வைக்காமல் நினைவிலேயே வைத்திருப்பவர் என்று பேசப்பட்டவர். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மிளகு போன வழி

இப்போது ஆற்றோடு கீழே இறங்குவோம். வாமனபுரம் ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அஞ்சுதெங்கு. அஞ்சு தென்னை என்று தமிழிலேயே பொருள் புரிகிறது இல்லையா? ஆற்றிங்கல் ராணியின் அனுமதியோடு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே கோட்டை கட்டியது. அவர்களுக்கு வேண்டியது மிளகு. அந்த மிளகு விளைந்தது உள்நாட்டிலும் மலையடிவாரத்திலும்.

விலையிலும் வியாபாரத்திலும் கம்பெனி ஆட்கள் செய்த அடாவடி ஊர்மக்களைக் கொதிக்க வைத்தது. 1721 ஏப்ரலில், ராணிக்குப் பரிசு கொடுக்க ஆற்றிங்கலுக்குப் போன சுமார் 140 ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டார்கள். பிளாசிப் போருக்கு 36 ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. கம்பெனிக்கு எதிரான ஆரம்பகால எழுச்சிகளில் ஒன்றாகக் கேரள வரலாற்றில் 'ஆற்றிங்கல் கலவரம்' பதிவாகியிருக்கிறது.

மலைச்சரக்கைச் சுற்றிய சண்டை அதோடு முடியவில்லை. வித்துராவுக்குக் கீழே இருக்கும் நெடுமங்காடு, மலைப்பொருள்கள் இறங்கும் பெரிய சந்தை. தாழ்த்தப்பட்ட மக்கள் அந்தச் சந்தைக்குள் சமமாக நுழைய முடியாத காலத்தில், 1912-ல் அய்யங்காளி அங்கே தன் ஆட்களோடு நுழைந்தார். 1938-ல் வாமனபுரம் ஆற்றுப் பகுதியில் இருக்கும் கல்லறை, பாங்கோடு ஊர்களில், சந்தையில் வசூலித்த அநியாய வரியை எதிர்த்து விவசாயிகள் கிளர்ந்தார்கள். அது போலீசோடு மோதலாக மாறியது. அந்த வழக்கில் இருவர் தூக்கிலிடப்பட்டார்கள்.

மூன்று சம்பவம், இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. கேள்வி ஒன்றுதான்: மலை கொடுக்கிறதை யார் விலை பேசுவது?

'பேய் பங்களா'வும் தேயிலைத் தோட்டமும்

யூடியூபில் போணக்காடு என்று தேடிப் பாருங்கள். பாழடைந்த பங்களா, டார்ச் லைட், பின்னணி இசை. பழைய மேலாளர் பங்களா ஒன்றில் பேய் நடமாடுகிறது என்ற கதை அவ்வளவு பிரபலம். அந்த வீடியோக்களில் அதிகம் வராத விஷயம், பங்களாவுக்குக் கீழே இருக்கும் லயங்கள்.

போணக்காடு பழைய தேயிலைத் தோட்டம். வேலைக்கு வந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மூணாறு, வால்பாறை, இலங்கை மலையகம் என்று எங்கே தேயிலை போனதோ அங்கெல்லாம் நம் மக்கள் போன அதே கதைதான். தோட்டம் நொடித்து, தொழிற்சாலை ஓடாமல் நின்றது. பல ஆண்டுகளாகக் கூலி பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி என்று தொழிலாளர்கள் தவித்தார்கள். ஒழுகும் கூரையின் கீழ் சிலர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், இறங்கி வந்தால் போக வேறு வீடு இல்லை என்பதால். அடுத்த தடவை 'பேய்' வீடியோ கண்ணில் பட்டால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருது?

கவடியாரிலோ, பேட்டையிலோ, கழக்கூட்டத்திலோ குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் கரமனை ஆற்றுத் தண்ணீர்.

நகரத்துக்குக் குழாய் வழியாகக் குடிநீர் கொடுக்கும் திட்டம் 1933-ல் தொடங்கியது. அருவிக்கரையில் ஆற்றை மறித்துத் தண்ணீர் எடுத்தார்கள். அன்றைய வைஸ்ராய் வில்லிங்டன் பெயரில் அமைந்த அந்தக் குடிநீர் நிலையம் இன்றைக்கும் நகரத்தின் ஆதாரம். நகரம் வளர்ந்தது, தேவை கூடியது. மழைக்காலத் தண்ணீரைச் சேர்த்து வைக்க, மேலே இன்னொரு அணை தேவைப்பட்டது. அப்படி 1983-ல் வந்ததுதான் வித்துராவை அடுத்த பேப்பாறை அணை. அணையைச் சுற்றியிருக்கும் காடு அதே ஆண்டு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. பரப்பு 53 சதுர கிலோமீட்டர். அணைக்கு நீர் தரும் காட்டைப் பாதுகாக்காமல் அணையைக் காப்பாற்ற முடியாது என்பது எளிய கணக்கு.

2017 கோடையில் அந்தக் கணக்கு தடுமாறியது. முந்தைய ஆண்டு மழை பொய்த்ததால் பேப்பாறையில் நீர்மட்டம் அபாய அளவுக்கு இறங்கியது. நெய்யாறு அணையிலிருந்து தண்ணீரை பம்ப் செய்து, ஓடை வழியாகக் கரமனை ஆற்றுக்குத் திருப்பி, அருவிக்கரைக்குக் கொண்டு வந்துதான் தலைநகரம் சமாளித்தது. ஒரு தொட்டி காய்ந்தால் பக்கத்துத் தொட்டியில் மொண்டுகொள்வது மாதிரி. ஆனால் இரண்டு தொட்டிக்கும் மேலே இருப்பது ஒரே மலை.

ஒரு பழமும் ஒரு ஒப்பந்தமும்

உலக அளவில் இந்த மலை அறியப்பட்டது தண்ணீரால் அல்ல, ஒரு செடியால்.

1987-ல் பழங்குடி மருத்துவ அறிவைத் தொகுக்க, டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் குழு ஒன்று அகத்தியர் மலைக் காட்டில் நடந்தது. விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள், வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் மட்டும் களைக்கவே இல்லை. அவர்கள் நடுநடுவே ஒரு சின்னப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தயக்கத்துக்குப் பிறகு அது என்ன செடி என்று காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அதைத் தயாரிக்கும் உரிமையை 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்குக் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. வந்த பணத்தில் பாதி காணி மக்களுக்கு. அதை வாங்கி நிர்வகிக்க 1997-ல் ஒரு அறக்கட்டளை பதிவானது. இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002-ல்தான். அதற்கு முன்பே பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகமே பேசியது.

ஆனால் இந்தக் கதையில் வித்துராவுக்கு வேறு குரல் உண்டு. வழிகாட்டிகளாகப் போனவர்கள் குற்றிச்சல் பகுதிக் காணிகள். வித்துரா, பெரிங்கம்மலைப் பகுதிக் காணிகளில் பலர் இந்த ஏற்பாட்டில் உடன்படவில்லை. 1995-ல் ஒன்பது பிலாத்திகள் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள்: எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்காதீர்கள் என்பது அதன் சாரம். அதோடு, செடியைக் காட்டிலிருந்து எடுத்து விற்க வனத்துறை அனுமதிக்கவில்லை. விவசாயமும் எதிர்பார்த்த அளவு வளரவில்லை.

'சமூகத்திடம் சம்மதம் வாங்கினோம்' என்று சொல்லும்போது, சமூகத்தில் யாரிடம் என்று கேட்க வேண்டும். டேட்டா, சம்மதம், உரிமம் என்று தினமும் வேலையில் பேசுபவர் நீங்கள் என்றால், இந்த மலையில் முப்பது ஆண்டு முன்னால் எழுந்த கேள்வி உங்களுக்குப் புதிதாக இருக்காது.

இதே மாதிரி இன்னொரு சிக்கல் 2019-ல் வந்தது. அகத்தியர்கூடம் மலையேற்றத்துக்குப் பெண்களை அனுமதிக்க வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2018 இறுதியில் உத்தரவிட்டது. அடுத்த ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். தங்கள் வழிபாட்டு மரபு மீறப்படுகிறது என்று காணி மக்கள் அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள், யாரையும் தடுக்கவில்லை. சம உரிமை ஒரு பக்கம், சிறுபான்மைச் சமூகத்தின் நம்பிக்கை ஒரு பக்கம். எளிய பதில் இல்லாத கேள்வி.

இன்றைய வித்துரா எப்படி இருக்கு?

மலையடிவார ஊர் என்றால் ரப்பர், மிளகு, கூலிவேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2008-ல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் (ஐசர்), திருவனந்தபுரத்தின் நிரந்தர வளாகம் வித்துராவின் மருதமலையில் இருக்கிறது. கோயம்புத்தூர் மருதமலை இல்லை. பெயர் மட்டும் ஒன்று. நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்து படிக்கிறார்கள். மாவட்டத்தின் ஜவஹர் நவோதயா பள்ளி செட்டச்சலில் இருக்கிறது. ஆனால் இருபது நிமிடம் உள்ளே போனால், இரவில் யானை வருமா என்று பார்த்துப் படுக்கும் குடியிருப்புகள்.

2016-ல் யுனெஸ்கோ அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை உலக வலையமைப்பில் சேர்த்தது. இரண்டு மாநிலங்களிலுமாக சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். பெருமையான விஷயம்தான். ஆனால் பட்டியலில் பெயர் வந்ததால் மட்டும் மலை பாதுகாப்பாகிவிடாது என்பதற்குப் பக்கத்து ஊரே சாட்சி.

2018-ல், குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலையைப் பெரிங்கம்மலையில் அமைக்கத் திட்டம் வந்தது. வாமனபுரம் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி அது. காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கும் அபூர்வமான நன்னீர்ச் சதுப்புகள் இருக்கும் வட்டாரம். பழங்குடியினரும் விவசாயிகளும் மாதக்கணக்கில் போராடினார்கள். ஆலை அங்கே வரவில்லை. தண்ணீர் மேலேயிருந்து கீழே வர வேண்டும், குப்பை கீழேயிருந்து மேலே போக வேண்டும் என்றால் அதற்கு என்ன பேர்?

கீழே வேறு பிரச்சினை. கட்டட வேலைக்காக வாமனபுரம் ஆற்றில் பல ஆண்டு மணல் அள்ளியதில் ஆற்றுப்படுகை ஆழமானது, கரைகள் சரிந்தன, ஓரத்துக் கிணறுகளில் நீர் இறங்கியது. மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்தக் கேரளா 2001-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இன்னும் கீழே, முதலப்பொழி மீன்பிடித் துறைமுகத்தில், தடுப்புச் சுவர்களுக்கு நடுவே மணல் மேடிட்டு, அலையில் படகு கவிழ்ந்து மீனவர்கள் உயிரிழப்பது தொடர்கதையாகிவிட்டது.

மேலே மண் நகர்ந்தாலும் கீழே மணல் நின்றாலும், ஆறு கணக்கைச் சரிசெய்யாமல் விடாது.

அடுத்த வாரம் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

முதலில் சொன்னதை ஞாபகப்படுத்துகிறேன்: இது குட்டை ஆறு, செங்குத்தான மலை. கல்லாறில் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே பொன்முடியில் மழை கொட்டியிருக்கலாம். அந்தத் தண்ணீர் வருவதற்கு முன்னால் சைரன் அடிக்காது. 2022 செப்டம்பரில், இதே ஆற்றுப் படுகையைச் சேர்ந்த மங்கயம் அருவியில் திடீரென வந்த மலைவெள்ளத்தில் குளிக்கப் போன குடும்பங்கள் சிக்கி, உயிர்கள் போயின. கல்லாறின் கயங்களில், அதாவது பார்க்க அமைதியாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும் மடுக்களில், மூழ்கி இறந்தவர்களும் பலர். பெரும்பாலும் வெளியூர் இளைஞர்கள்.

அதனால்:

- ஊர்க்காரர் 'அங்கே இறங்காதே' என்று சொன்னால் இறங்காதீர்கள். அவருக்கு அந்த மடுவின் ஆழம் தெரியும்.
- தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, பாறைகளுக்கு நடுவே இரைச்சல் கூடினாலோ, போட்டோவை விட்டுவிட்டு உடனே கரையேறுங்கள்.
- பொன்முடிச் சாலை மழையில் மண் சரிந்து மூடப்படுவது வழக்கம். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மாலையில் சோதனைச்சாவடி மூடுவதற்குள் இறங்கிவிடுங்கள்.
- மீன்முட்டி, வாழ்வாந்தோல் அருவிகளுக்கும் அகத்தியர்கூடத்துக்கும் வனத்துறை வழியாக, வழிகாட்டியோடு மட்டும் போங்கள். அந்தக் கட்டணம் வழிகாட்டும் உள்ளூர் மக்களுக்கும் கூலியாகிறது.
- காணி குடியிருப்பு சுற்றுலாத்தலம் இல்லை. யாருடைய வீட்டையும் கேட்காமல் வீடியோ எடுக்க வேண்டாம்.
- கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கல்லாறில் போடும் பாட்டில் ஆற்றிங்கலுக்கும், பேப்பாறைப் பக்கம் போடும் பாட்டில் உங்கள் வீட்டுத் தண்ணீரை எடுக்கும் அருவிக்கரைக்கும் போகும்.

மலை இறங்கி வரும்போது வித்துரா சந்திப்பில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒரு டீ சொல்லுங்கள். அதைப் போட்ட தண்ணீரும், வீட்டுக்குப் போய் நீங்கள் முகம் கழுவப்போகும் தண்ணீரும், அந்தப் பக்கம் திருநெல்வேலியில் உங்கள் அத்தை வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரும் ஒரே மலையில் பெய்த மழை. அந்த மலையைப் பற்றி எந்தத் திட்டம் செய்தியில் வந்தாலும், அதை 'எங்கோ காட்டுக்குள்ளே' நடக்கிற விஷயமாகக் கடந்து போகாமல், உங்கள் தெருவில் நடக்கிற விஷயமாகப் படியுங்கள்.